அம்மாவுக்கு எந்த அடுப்பு? கேஸ், ஹாப், இண்டக்ஷன் பற்றி ஒரு வீட்டு ஆராய்ச்சி

போன வருஷம் ஆனி மாதம். ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது ஊரிலிருந்து சித்தி போன் பண்ணினாள். சித்தி காலை நேரத்தில் கூப்பிட மாட்டாள். எடுத்தேன்.

நடந்தது இதுதான். வாசுதேவநல்லூர் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். வயது எழுபத்தொன்று. சின்ன பர்னரில் பாலை வைத்துவிட்டு, பூப்பறிக்கப் பின்பக்கம் போயிருக்கிறாள். பால் பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது. ஆனால் குழாய் திறந்தே இருக்கு, கேஸ் வந்துகொண்டே இருக்கு. அம்மா திரும்பி வந்து, பால் கொட்டியதைத் துடைத்துவிட்டு, மறுபடி பற்றவைக்கத் தீப்பெட்டியைக் கையில் எடுத்திருக்கிறாள். அந்த நேரம் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த சித்திக்கு வாசல்படியிலேயே வாடை அடித்திருக்கிறது. ஓடிப்போய் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டாள். நல்லவேளையாக லைட் சுவிட்சில் கை வைக்கவில்லை.

பக்கத்திலேயே நின்ற அம்மாவுக்கு ஏன் வாடை தெரியவில்லை? 2021-ல் கொரோனா வந்து போனதிலிருந்து அவளுக்கு வாசனை சரியாகத் தெரிவதில்லை. காப்பி மணமும் தெரியாது, கருகினாலும் தெரியாது. எங்கள் எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம்தான். அதையும் அடுப்பையும் சேர்த்து யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

வழக்கமான இன்ஜினியர் புத்தி, உடனே "புது அடுப்பு வாங்கிடலாம்" என்றுதான் ஓடியது. ஸ்ப்ரெட்ஷீட் திறந்தேன். மூன்று வாரம் படித்தேன், விசாரித்தேன், ஊருக்குப் போய் அளந்தும் பார்த்தேன். அந்தக் குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. எந்தக் கம்பெனி அடுப்பு நல்லது என்று சொல்லப்போவதில்லை. எப்படித் தேர்ந்தெடுப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம்

மேடை மேல் சும்மா தூக்கி வைக்கிற கேஸ் அடுப்பு நமக்கெல்லாம் தெரியும். ரெண்டு பர்னரோ மூணு பர்னரோ, நாலு கால், பின்னால் ஒரு டியூப். 'ஹாப்' என்பது மேடைக் கல்லை வெட்டி, அந்தக் குழிக்குள் இறக்கிப் பொருத்துகிற அடுப்பு. மேலே கண்ணாடியும் பர்னரும் மட்டும் தெரியும். குழாய், வால்வு எல்லாம் கல்லுக்குக் கீழே போய்விடும். ரெண்டுக்கும் நடுவில் 'ஹாப்டாப்' என்று ஒன்று இருக்கு. கல்லை வெட்டியும் பொருத்தலாம், வெட்டாமல் மேலேயும் வைக்கலாம்.

கரண்டில் ஓடுவதில் முக்கியமானவை ரெண்டு. ஒன்று இண்டக்ஷன். இன்னொன்று, உள்ளே கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்கக் காய்ந்து, கண்ணாடி வழியாகச் சூடு தருகிற இன்ஃப்ராரெட் அடுப்பு. பார்க்க ரெண்டும் ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடிதான். வேலை செய்யும் விதம் முற்றிலும் வேறு.

தீ எரிவது எப்படி, தீயே இல்லாமல் சுடுவது எப்படி

கேஸ் அடுப்பின் தத்துவம் 1855 வாக்கில் ஜெர்மனியில் ராபர்ட் பன்சன் ஆய்வகத்தில் வந்த பர்னரின் தத்துவம்தான். கேஸ் ஒரு ஊசித்துளை வழியாக வேகமாக வெளியே வரும்போது, பக்கத்தில் இருக்கிற காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முன்கூட்டியே காற்று கலந்துவிடுவதால் தீ நீலமாக எரிகிறது, கரி பிடிப்பதில்லை. உங்கள் வீட்டுத் தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால், காற்று போதவில்லை என்று அர்த்தம். பெரும்பாலும் பர்னர் ஓட்டையில் அடைப்பு இருக்கும். ஹாப் என்றால் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. சில மாடல்கள் எரிவதற்கான காற்றை மேடைக்கு அடியிலிருந்து எடுக்கும். அந்த இடத்தை அழகுக்காக அலமாரி வைத்து அடைத்துவிட்டால் தீ மஞ்சளாகத்தான் எரியும்.

நம் ஊரில் கேஸுக்கு வயது அதிகமில்லை. இண்டேன் முதல் இணைப்பைக் கல்கத்தாவில் கொடுத்தது 1965-ல். எங்கள் வீட்டில் விறகு, மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ், அப்புறம்தான் சிலிண்டர். சித்தி வீட்டில் இன்றைக்கும் ஓடுவது 2006 தேர்தலில் வாக்குறுதி தந்து அரசாங்கம் கொடுத்த இலவச கேஸ் அடுப்பு. அதில் ஒரு குறையும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பழைய அடுப்பு என்பதற்காக மட்டும் மாற்ற வேண்டியதில்லை. பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டியூபை அதன் காலம் முடியுமுன் மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இண்டக்ஷனில் தீயே கிடையாது. கண்ணாடிக்குக் கீழே செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. அதில் விநாடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிற மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அது பாத்திரத்தையே சுட வைக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. இங்கே பாத்திரமும் அடுப்பின் ஒரு பாகம். இரும்பு மாதிரி காந்தம் ஒட்டுகிற உலோகம் என்றால் அந்த மின்னோட்டம் மெல்லிய ஒரு அடுக்குக்குள்ளேயே நெருக்கியடித்து ஓடும், தடை அதிகம், சூடும் அதிகம். அலுமினியத்திலும் செம்பிலும் தடை குறைவு. மின்னோட்டம் சுலபமாக ஓடிவிடும், சூடு வராது. மண்சட்டியிலும் கல்சட்டியிலும் மின்னோட்டமே ஓடாது.

பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டினால் இண்டக்ஷனுக்கு ஆகும். இதுக்கு மேல் சோதனை தேவையில்லை.

தராசு வைத்து அளந்தது

கேஸ் அடுப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 4246. அதன்படி வெப்பத்திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது கேஸில் இருக்கும் சக்தியில் அவ்வளவு பங்கு பாத்திரத்துக்குள் போக வேண்டும். ஆனால் அது காற்று வீசாத ஆய்வகத்தில், அளவு குறித்த பாத்திரத்தில், விதிப்படி செய்யும் சோதனை. எங்கள் அடுப்பங்கரையில் எவ்வளவு?

கூரியர் கடைக்காரரிடம் 10 கிராம் துல்லியத்தில் காட்டுகிற தராசை ஒரு நாள் இரவல் வாங்கினேன். சிலிண்டரை அதன் மேல் நிறுத்தினேன். ரெண்டு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 98 டிகிரி வரை சூடாக்க வேண்டும். அதற்குத் தேவை சுமார் 586 கிலோஜூல். ஒரு தடவைக்கு இருபது சொச்சம் கிராம் கேஸ்தான் செலவாகும். 10 கிராம் தராசில் அதை நம்பி அளக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறையையும் ஐந்து தடவை செய்து, மொத்த எடையை ஐந்தால் வகுத்தேன். கரண்ட் அடுப்புகளுக்கு, பிளக்கில் செருகுகிற சின்ன மின்மானி. எல்லாவற்றுக்கும் ஒரே எவர்சில்வர் பாத்திரம், ஒரே மூடி.

என் கணக்கில் வந்தது:

பெரிய பர்னர், முழுத் தீ: 25 கிராம் கேஸ். திறன் சுமார் 51 சதவீதம்.
சின்ன பர்னர்: 22 கிராம். சுமார் 58 சதவீதம். நேரம் கொஞ்சம் கூடுதல்.
இண்டக்ஷன்: 0.195 யூனிட். சுமார் 83 சதவீதம்.
இன்ஃப்ராரெட்: 0.26 யூனிட். சுமார் 63 சதவீதம்.

இது ஒரு வீட்டில், ஒரு நாளில், ஒருத்தன் அளந்தது. உங்கள் வீட்டில் எண்கள் மாறும். ஆனால் வரிசை பெரிதாக மாறாது என்று நினைக்கிறேன். பெரிய பர்னர் ஏன் தோற்றது என்பதற்குக் காரணம் எளிது. தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு சோற்றுக்குப் போகவில்லை, சமைப்பவரின் முகத்துக்குப் போனது. தீயின் விளிம்பு பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டக் கூடாது. அடுப்பு வாங்கும் செலவே இல்லாமல் கிடைக்கிற முதல் லாபம் இது.

ஆடிக்காற்றில் அடுப்பும் பறக்கும்

அளந்துகொண்டிருந்தபோது தற்செயலாகத்தான் இது தெரியவந்தது. மதியம் வெக்கையாக இருக்கிறதே என்று அம்மா மேற்கு ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்கு: வாசுதேவநல்லூர் மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரம். குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் எங்களுக்கு மழை பெரிதாக இல்லாவிட்டாலும் காற்று உண்டு. மலையிலிருந்து இறங்கி வருகிற காற்று, கொடியில் காய்கிற வேட்டியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும். தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் இவ்வளவு காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை.

ஜன்னல் திறந்ததும் தீ ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதையும் அளந்துவிடுவோம் என்று ஐந்து தடவை செய்தேன். அதே பெரிய பர்னர், அதே தண்ணீர். 25 கிராம் 33 கிராம் ஆனது. திறன் 39 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. நட்சத்திரக் குறியீடு பார்த்துப் பார்த்து வாங்கினாலும் ரெண்டு அடுப்புகளுக்கு நடுவில் இவ்வளவு வித்தியாசம் கிடைக்காது. ஒரு ஜன்னல் அதைத் தின்றுவிடுகிறது. காற்று பலமாக அடித்தால் குறைந்த தீ அணைந்தே போகும். அதாவது பால் பொங்காமலே அதே விபத்து நடக்கும்.

அதற்காக ஜன்னலை ஆணி அடித்து மூடிவிடாதீர்கள். எரிகிற தீக்குக் காற்று வேண்டும், புகை வெளியே போகவும் வேண்டும். செய்ய வேண்டியது, அடுப்பை ஜன்னலின் நேர்கோட்டிலிருந்து தள்ளி வைப்பது. எங்கள் மேடையில் மூன்று அடி தள்ளி வைக்க இடம் இருந்தது. வைத்தோம். ஹாப் வாங்கிக் கல்லை வெட்டியிருந்தால் இந்த மூன்று அடியை நகர்த்த முடிந்திருக்காது. காற்று அடிக்கிற ஊரில் கல்லை வெட்டுமுன், ஒரு ஆடி மாதத்தையாவது அந்த அடுப்பங்கரையில் கழித்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

சிலிண்டரா, கரண்டா: 120-ஆல் வகுங்கள்

இது நிறையப் பேர் கேட்கிற கேள்வி. ஒரு கிலோ கேஸில் சுமார் 46 மெகாஜூல் சக்தி. வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ. பெருக்கி யூனிட்டாக மாற்றினால் சுமார் 180 யூனிட். வீட்டில் 55 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் 100 யூனிட். அதே 100 யூனிட் சூட்டைப் பாத்திரத்துக்குள் கொண்டுவர இண்டக்ஷனுக்கு ஏறக்குறைய 120 யூனிட் கரண்ட் வேண்டும்.

ஆக, சிலிண்டர் விலையை 120-ஆல் வகுங்கள். வருகிற எண்தான் உங்கள் எல்லைக்கோடு. சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 7 ரூபாய் 50 காசு. உங்களுக்கு ஒரு யூனிட் கரண்ட் அதைவிட மலிவு என்றால் இண்டக்ஷன் லாபம். அதிகம் என்றால் கேஸ் லாபம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கு. பார்க்க வேண்டியது சராசரி விலை அல்ல. புதிதாகக் கூடுகிற யூனிட் எந்தப் படியில் போய் விழுகிறது என்பதுதான். நான் கணக்குப் போட்டபோது தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. மேலே போகப் போக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து மாறிவிடும்.

அம்மா வீட்டில் ஃபேன், லைட், டி.வி., ஒரு சின்ன பிரிட்ஜ். ரெண்டு மாதத்துக்கு 90 யூனிட் பக்கம். பால், காப்பி, வெந்நீர் இதெல்லாம் இண்டக்ஷனில் செய்தால் ஒரு நாளைக்கு அரை யூனிட், ரெண்டு மாதத்துக்கு 30 யூனிட் கூடும். அன்றைய கணக்குப்படி அதில் 10 யூனிட் இலவசத்திலேயே போய்விடும். மீதி 20-க்கும் அடிப்படி விலைதான். சென்னையில் என் வீட்டில் கோடையில் ரெண்டு ஏ.சி. ஓடும். பில் ஏற்கெனவே 500-ஐத் தாண்டி நிற்கும். அங்கே இண்டக்ஷனில் வைக்கிற ஒவ்வொரு டம்ளர் காப்பியும் உச்சப்படியில் போய் விழும். ஒரே அடுப்பு, ஒரே குடும்பம், ரெண்டு வீட்டுக்கு ரெண்டு பதில். "எது மலிவு" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காதது இதனால்தான்.

பாத்திரங்களின் அணிவகுப்பு

கணக்கெல்லாம் முடித்து, "யம்மா, முழுக்க இண்டக்ஷன் போட்டுருவோம். கேஸே வேண்டாம், பயமும் வேண்டாம்" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பரணிலிருந்தும் அலமாரியிலிருந்தும் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இதுல எதெல்லாம் ஓடும், சொல்லு பாப்போம்."

காந்தத்தை வைத்துப் பார்த்தேன். வெண்கலப் பானை, ஒட்டவில்லை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு, ஒட்டவில்லை. கல்சட்டி, குழம்பு வைக்கிற மண்சட்டி, அலுமினியக் குக்கர், பித்தளை உருளி, எதுவும் இல்லை. இரும்புத் தோசைக்கல் மட்டும் கப்பென்று ஒட்டியது. ஜெயித்துவிட்டேன் என்று தோசை ஊற்றச் சொன்னேன். நடுவில் கருகியது, ஓரம் வேகவில்லை. சின்ன இண்டக்ஷன் அடுப்பின் சுருள் ஒரு சாண் அகலம்கூட வராது. அதற்கு நேர் மேலே இருக்கிற இடம்தான் சுடும். எங்கள் தோசைக்கல் அதைவிட ரொம்பப் பெரிசு. போதாததுக்கு நடுவில் லேசாகக் குழி.

அடுத்தது சொதி. தேங்காய்ப்பாலில் செய்கிற சமையல் இது. கெட்டிப்பாலை ஊற்றியபிறகு கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டினதும் இறக்கணும். விலை குறைந்த இண்டக்ஷன் அடுப்புகள் பலவற்றில் 'குறைந்த சூடு' என்பது உண்மையில் குறைந்த சூடு அல்ல. கொஞ்ச நேரம் பலமாகச் சுட்டு, கொஞ்ச நேரம் அணைந்து, மறுபடி பலமாகச் சுடும். சராசரி மட்டும் குறைவு. நாங்கள் அளவுக்கு வாங்கி வைத்திருந்ததும் அந்த ரகம். பலமாகச் சுட்ட அந்தக் கொஞ்ச நேரத்தில் சொதி திரிந்துபோயிற்று.

"அடுப்புன்னா தீ கண்ணுக்குத் தெரியணும்லா ஐயா" என்றாள் அம்மா. முதலில் இது பழமைப் பிடிவாதம் என்று நினைத்தேன். பிறகு யோசித்தால், வாசனை போனவளுக்குக் கண்தான் மிச்சம். எரிகிறதா அணைந்துவிட்டதா, கூடவா குறைவா என்பதை அவள் தீயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள். அதையும் நான் பிடுங்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடியில் இங்கிலீஷ் எழுத்தும் 'பீப்' சத்தமும் கொடுக்கப் பார்த்தேன். ஈர விரலால் தொட்டால் அந்த பட்டன் வேலை செய்யவும் இல்லை.

கரண்ட் விஷயமும் சேர்ந்துகொண்டது. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் 2000 வாட் இண்டக்ஷனைத் தாங்காது. பிளக்கும் கவனிக்கணும். 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். டி.வி.க்குப் போட்ட சின்ன பிளக்கில் செருகினால் உருகும். 16 ஆம்பியர் பவர் பிளக், அதற்கேற்ற வயர், எர்த் மூன்றும் வேண்டும். வீட்டில் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் இண்டக்ஷன் வாங்குமுன் டாக்டரைக் கேட்டுவிடுங்கள்.

தீ அணைந்தால் கேஸும் நிற்க வேண்டும்

அப்படியானால் கேஸ் இருக்கும். ஆனால் பழைய அடுப்பாக இருக்கக் கூடாது. தேட வேண்டியது ஒரே ஒரு அம்சம்: தீ அணைந்தால் தானே கேஸை அடைக்கிற பாதுகாப்பு வால்வு. கடையில் 'எஃப்.எஃப்.டி.' என்பார்கள்.

உள்ளே நடப்பது ரொம்ப அழகான விஷயம். பர்னர் பக்கத்தில் ஒரு சின்ன உலோகக் குச்சி நீட்டிக்கொண்டிருக்கும். ரெண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த வெப்ப இணை அது. தீயில் காயும்போது சில மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். அந்தத் துளி மின்சாரம் ஒரு குட்டி மின்காந்தத்தை இயக்கி, வால்வைத் திறந்தபடி பிடித்துக்கொள்கிறது. தீ அணைந்தால் குச்சி ஆறும், மின்சாரம் நிற்கும், காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் வால்வை அடைத்துவிடும். பேட்டரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். நான் இருபது வருஷமாக எழுதிய எந்த புரோகிராமும் இவ்வளவு நம்பகமாக இல்லை. தப்பு நடந்தால் தானாகவே பாதுகாப்பான பக்கம் விழுகிற அமைப்பு இது.

மேடை மேல் வைக்கிற சாதாரண அடுப்புகள் பெரும்பாலானவற்றில் இது கிடையாது. ஹாப், ஹாப்டாப் வகைகளில் பலவற்றில் உண்டு, எல்லாவற்றிலும் அல்ல. பட்டனை அழுத்தினால் தீ பற்றுகிற வசதியை இதுவென்று நினைத்து ஏமாறாதீர்கள். அது பற்றவைக்க மட்டும்தான், அணைந்தால் காப்பாற்றாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பற்றவைக்கும்போது குச்சி காயும்வரை சில விநாடிகள் குமிழை அழுத்தியே பிடிக்கணும். மூட்டுவலிக் கைக்கு இது சுலபமில்லை. அதனால் ஆன்லைனில் வாங்குவதை விட்டுவிட்டு, அம்மாவையும் அவளுடைய வெண்கலப் பானையையும் தோசைக்கல்லையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முதலில் நாலு பர்னர் கண்ணாடி ஹாப்பைத்தான் காட்டினார். அம்மா ஒரு பர்னரில் பானையையும் பக்கத்தில் தோசைக்கல்லையும் வைத்தாள். மீதி ரெண்டு பர்னருக்கு இடமே இல்லை. "அப்போ அந்த ரெண்டும் எதுக்கு, சாமி கும்பிடவா?" என்று கேட்டாள். கடைக்காரரே சிரித்துவிட்டார். ஒவ்வொரு அடுப்பின் குமிழையும் அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். ரெண்டில் முடியவில்லை, மூன்றாவது முடிந்தது. கனமான பித்தளை பர்னர், ஆடாத தாங்கி, ஐ.எஸ்.ஐ. முத்திரை, எஃப்.எஃப்.டி. எல்லாம் இருக்கிற ரெண்டு பர்னர் ஹாப்டாப். கல்லை வெட்டவில்லை.

கூடவே கேஸ் கசிவு அலாரம் ஒன்று. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், தரையோடுதான் பரவும். ஆகவே அலாரத்தைத் தரையிலிருந்து ஒரு அடிக்குள் மாட்டணும். மேலே மாட்டினால் புண்ணியமில்லை. கேஸில் கலக்கிற நாற்றம், கசிந்தால் மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகத்தான். மூக்கு வேலை செய்யாத வீட்டில் அந்த வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். கசிவு என்று சந்தேகம் வந்தால் கூப்பிட வேண்டிய எண் 1906. அதைப் பெரிதாக எழுதி வாசல் பக்கம் ஒட்டியிருக்கிறோம். எண்ணைத் தேடி யாரும் அடுப்பங்கரைக்குள் நிற்கக் கூடாது.

அந்தச் சின்ன இண்டக்ஷனும் போகவில்லை. அடி தட்டையான ஒரு எவர்சில்வர் பால் பாத்திரத்தோடு மேடை ஓரத்தில் இருக்கிறது. 'ஆன்' பட்டன் மேல் சிவப்பு ஸ்டிக்கர், பால் சூட்டுக்கான பட்டன் மேல் பச்சை ஸ்டிக்கர். விபத்து நடந்தது பாலில்தானே. அந்த ஒரு வேலை தீயிலிருந்து விலகிவிட்டது. சோறு, குழம்பு, சொதி, தோசை எல்லாம் கேஸில்.

நீங்கள் வாங்கப் போனால்

நான் கற்றுக்கொண்ட வரிசையைச் சொல்கிறேன். முதலில் யார் சமைக்கிறார்கள் என்று பாருங்கள்: கண், கை, மூக்கு, ஞாபகம். அடுத்து என்ன பாத்திரம், அதன் அடி எவ்வளவு அகலம். அதற்கடுத்து அடுப்பங்கரையின் காற்று, வயரிங், மேடை. அப்புறம் கரண்ட் பில் எந்தப் படியில் நிற்கிறது. பர்னர் எண்ணிக்கை, கண்ணாடியின் கலர் எல்லாம் கடைசி. நான் செய்த தப்பு, ஸ்ப்ரெட்ஷீட்டை இதற்கு நேர் எதிர் வரிசையில் போட்டது. பதினேழு காலம் இருந்தது. அதில் 'அம்மா' என்று ஒரு காலம் இல்லை.

புது அடுப்பு வந்த அன்றைக்கே சோதனை செய்தோம். ஜன்னல் கதவு எல்லாம் திறந்து வைத்து, பானையில் கஞ்சித் தண்ணீரைப் பொங்கவிட்டோம். வழிந்து தீ அணைந்தது. சத்தமாக எண்ணினேன். இருபத்தி ரெண்டில் உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம். கேஸ் நின்றுவிட்டது. அம்மாவுக்கு வாடை தெரியாது, ஆனால் காது நன்றாகக் கேட்கும். "இந்தச் சத்தந்தானா?" என்று கேட்டாள். இன்னொரு தடவை செய்யச் சொன்னாள்.

பி.கு.: ரெண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனால், கசிவு அலாரம் பிளக்கிலிருந்து கழற்றிக் கிடந்தது. கொசு மருந்து அடித்தால்கூடக் கத்துகிறதாம், தலைவலி என்று கழற்றிவிட்டாளாம். அடுப்புக்கு ரொம்பப் பக்கத்தில் நான் மாட்டியதும் தப்பு. கொஞ்சம் தள்ளி மாட்டி, மருந்து அடிக்குமுன் கழற்றி, அடித்து முடித்துக் காற்றாடியதும் திரும்பச் செருக வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். தினமும் ராத்திரி போனில் "சாப்பிட்டியா" என்று அவள் கேட்பாள். "அலாரம் செருகியிருக்கா" என்று நான் கேட்பேன்.